எருமையைக் கண்ட ஆள்

மகன்,

முதலில் சலாம். சுகம் விசாரிக்கிற வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாய் இருக்கிறாய் என்பதை உனக்கு மூத்த ராத்தாவின் வாயால் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் கொழும்பில் உன் கூட்டாளிமார் பார்த்துச் சிரிப்பார்களாம், அதனால் கொஞ்சம் துடைத்து எழுதுகிறாளாம். சொல்லைத் துடைக்கட்டும், விசயத்தைத் துடைக்காமல் இருந்தால் சரி. உம்மா வீட்டில் இல்லை. உன் கல்யாணப் பலகாரத்துக்கு மா வறுக்கவென்று அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும், ஏனென்றால் இதில் உம்மாவுக்குத் தெரியக்கூடாத ஒன்று இருக்கிறது.

நீ கொழும்பில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம் நான் "ம்ம்", "ஓம்", "சரி" என்று சொல்லிவிட்டு போனை உம்மாவின் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று ராத்தாவிடம் குறைப்பட்டாயாம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்துக்கு வந்திருக்க மாட்டேன். கல்யாணம் முடிந்தாலும் ஒலுவிலில் பெண்வீட்டில் போய் இருக்கமாட்டேன், கல்முனையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கப்போகிறேன், இந்த வெள்ளிக்கிழமை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றாயாம். ஏனென்று கேட்டதற்கு நீ சொன்னதையும் ராத்தா மறைக்காமல் சொன்னாள். "வாப்பா கதைக்கிறத விட்டுட்டார் ராத்தா. நானும் போனா அந்த மனிசன் வாயத் திறக்காமலே மவுத்தாகிருவார்." அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை மகன். என் மகன் என்னைக் கவனித்திருக்கிறான் என்று ஒரு சந்தோசம்தான் வந்தது. ஆனால் நீ பிழையான காரணத்துக்குப் பிழையான வேலை செய்யப்போகிறாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதை வாசித்துவிடு. வாசித்துவிட்டு முடிவெடு.

எங்கள் கரையில் கல்யாணம் என்றால் பிறந்த வீட்டைவிட்டுப் போகிறவன் ஆண்தான். பெண்ணுக்கு வீடு; ஆண் ஒரு பெட்டியில் உடுப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறவன். நீ பிறந்த இந்த வீடு உம்மாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. இப்போது உன் ராத்தாவுடையது. நான் வரிப்பத்தான்சேனையில் இருந்து வந்த மாப்பிள்ளை, இன்றைக்கும் மாப்பிள்ளைதான். உனக்குப் பெண் தருகிற மனிசன் அரபு நாட்டு வெயிலில் நின்று நின்று ஒவ்வொரு கல்லாய்ச் சேர்த்து மகளுக்கு அந்த வீட்டைக் கட்டியிருக்கிறார். நீ போய் "எனக்கு வேண்டாம்" என்றால் அவர் உன்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அது எப்படி இருக்கும் என்று ஒரு மகளைக் கட்டிக் கொடுத்த எனக்குத் தெரியும்.

நான் கதைக்காமல் இருப்பதற்குக் காரணம் நீ போவது அல்ல. அலியார் போனதுதான்.

உனக்கு அவன் அலியார் மாமா. பெருநாளைக்குக் காதைத் திருகிவிட்டுக் கச்சான் கடலைச் சரை கொடுக்கிற மனிசன், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வேலி. எனக்கு அவன் யார் என்று உனக்குத் தெரியாது, உம்மாவுக்கும் முழுக்கத் தெரியாது. நீ மாப்பிள்ளையாய்ப் போகிற ஒலுவில் அவன் பிறந்த ஊர். அவன் பிறந்த வீடும் தென்னந்தோட்டமும் இருந்த இடத்தில் இப்போது கடல் நிற்கிறது. போன மாதம் பெண் பார்க்கப் போனபோது நீங்கள் எல்லாரும் உள்ளே இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டீர்கள், நான் எழும்பி கரைக்குப் போய்விட்டேன் என்று உனக்கு வெட்கமாய்ப் போயிற்று. நான் போனது அந்த இடத்தைப் பார்க்கத்தான். சரிந்து கிடந்த ஒரு தென்னையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன். பாதி வழியில்தான் சொல்ல அவன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நானும் அவனும் ஒரே கிழமையில் இந்தத் தெருவுக்கு மாப்பிள்ளையாய் வந்தவர்கள். நான் வயல்காட்டான், அவன் கடற்கரையான். இரண்டு பேருக்கும் இங்கே ஒரு ஆளைத் தெரியாது. பள்ளிவாசலில் தொழுகைக்கு ஒளுச் செய்து, கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவன் என்னைப் போலவே கஞ்சி போகாத புதுச் சாறனோடு குந்தியிருந்தான். மெதுவாய்க் கேட்டான்.

"மச்சான், உங்கட வீட்ட நேத்து என்ன ஆணம்?"

"கோழி."

"எங்கடயும் கோழி. முந்தநாள்?"

"கோழிதான்."

"இன்னும் ரெண்டு நாள் போனா எனக்கு இறகு முளைச்சிரும்" என்றான். பள்ளிக்குள் சிரிக்கக்கூடாது என்று நான் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினேன். என் முகம் அவ்வளவு சுத்தமாய் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் புதுமாப்பிள்ளை கடையில் போய் ஒரு தேத்தண்ணி குடிக்க ஏலாது மகன். குடித்தால், பெண்வீட்டில் இவனுக்குத் தின்னக் குடிக்கக் கொடுப்பதில்லை போல என்று ஊர் கதைத்துவிடும். மாமியாருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. என் மாமி, அதுதான் உன் மூத்தம்மா, சஹன் தட்டில் சோற்றை மலையாய்க் குவித்து, நடுவில் கோழியை வைத்து, நான் கையை எடுக்கிற மட்டும் கதவுக்கு அங்கால் நின்று பார்ப்பார். அன்புதான். ஆனால் நான் வயலில் குந்தியிருந்து, சிரட்டையில் தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு பனங்கட்டியுமாய் வளர்ந்தவன். அலியாரும் அப்படித்தான். "ஒரு பிளேன்டீ, ஒரு சூட்டு ரொட்டி, ஒரு கட்டாச்சம்பல். அல்லாஹ்ட்ட நான் வேறொண்டும் கேக்கல்ல மச்சான்" என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் காதுக்குள் சொல்லுவான்.

ஒருநாள் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துவிட்டோம். தண்ணீருக்கு நடுவே போகிற தாம்போதியைக் கடந்து சொறிக்கல்முனைப் பக்கம் போனால் எங்களை ஒருவருக்கும் தெரியாது, அங்கே ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது என்பது திட்டம். படலையைத் தாண்டவில்லை, மாமி வந்துவிட்டார்.

"எங்க போற நீங்க ரெண்டு பேரும், இந்த வெயிலுக்குள்ள?"

எனக்குப் பொய் வராது. ஆனால் அன்றைக்கு என் நாக்கு எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தது. "எங்கட வாப்பாட எரும ஒண்டு காணாமப் போயிட்டு மாமி. சொறிக்கல்முனைப் பக்கம் மேய்ச்சலுக்கு விட்ட பட்டியில நிண்டது."

"யா அல்லாஹ்! என்ன மாதிரி எரும?"

நான் வாயைத் திறக்குமுன் அலியார் தொடங்கிவிட்டான். அவன் வாழ்க்கையில் எருமைக்குக் கிட்டப் போனவன் இல்லை.

"கடா மாமி. ஒரு கொம்பு நேர நிக்கும், மத்தக் கொம்பு கீழ வளைஞ்சிரிக்கும். கண்ணுல எப்பவும் ஒரு கவல."

"கவலயா?"

"ஓம் மாமி. சின்னதில உம்மாவ இழந்த மாடு."

மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கெதியாப் போங்க, பாவம்" என்றார். தாம்போதி வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சைக்கிளோடு தண்ணீருக்குள் விழுந்திருப்போம். அந்தக் கடை அண்ணர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார், "என்ன தம்பிமார், வீட்டில சோறு இல்லையோ?" அலியார் சொன்னான், "சோறு கூடிப்போச்சு அண்ணன், அதுதான் பிரச்சின." அந்த பிளேன்டீயின் ருசி இன்றைக்கும் என் பல்லுக்குள் இருக்கிறது.

திரும்பி வந்தபோது மாமி வாசலிலேயே நின்றார். "எருமயக் கண்டீங்களா?"

அலியார் தலையைக் குனிந்துகொண்டு, மையத்து வீட்டில் நிற்கிறவன் மாதிரிச் சொன்னான், "காணல்ல மாமி. ஆனா கண்ட ஆளக் கண்டம்."

மகன், அந்த ஒரு சொல்லில் நாங்கள் எங்கள் ஆயுளை ஓட்டிவிட்டோம். கண்ட ஆள் இருக்கிறவரைக்கும் தேடிப் போகலாம். ஒரு கிழமை கண்டவன் வீரமுனையில் கண்டிருப்பான், அடுத்த கிழமை கண்டவன் நாவிதன்வெளியில். எருமை நடந்துகொண்டே இருந்தது, நாங்கள் ரொட்டி தின்றுகொண்டே இருந்தோம். ஒரே ஒருமுறை பிடிபடப் பார்த்தோம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அலியார் மாமியின் முகத்தைப் பார்த்து உருகிப்போய், "இவன்ட வாப்பா பாவம் மாமி. அந்த எருமட பால வித்துத்தானே வீட்டுச் செலவு" என்றுவிட்டான். நான் பாயில் இருந்தபடியே அவன் தொடையைக் கிள்ளினேன். போன கிழமை கடா என்றவன் இந்தக் கிழமை பால் கறக்கிறான்! நல்லவேளை மாமி கவனிக்கவில்லை. "ச்சூ" என்று சொல்லி அவன் பக்கம் இன்னொரு துண்டுக் கோழியைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகுதான் பெரிய விசயம் நடந்தது. மாமி தெருவெல்லாம் சொல்லி, மீன்காரனிடம் சொல்லி, விறகு வண்டிக்காரனிடம் சொல்லி, எருமையைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் வருகிறோம், எங்கள் படலையில் ஒரு மனிசன் கயிற்றோடு நிற்கிறான். கயிற்றின் மறுபக்கத்தில் ஒரு எருமை. ஒரு கொம்பு நேர், ஒரு கொம்பு கீழ்நோக்கி. தெருவே கூடி நிற்கிறது. "இதானே உங்கட எரும? புடிங்க" என்றான் அந்த மனிசன். ஓம் என்றால் வேறு ஆளின் மாடு, இல்லை என்றால் கொம்பு பொருந்துகிறது.

அலியார் அசையவில்லை. நகை பார்க்கிற தட்டான் மாதிரி எருமையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். வாலைத் தூக்கிப் பார்த்தான். காதுக்குள் ஊதினான். பிறகு ஊருக்குக் கேட்கச் சொன்னான், "எங்கட எருமக்கி சலாம் சொன்னா தலையாட்டும். ஆட்டுதா பாப்பம்." எருமையின் முகத்துக்கு நேரே நின்று, பள்ளி இமாமுக்குச் சொல்வதுபோல் மரியாதையாய், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

இலையான் மொய்த்ததோ என்னவோ, அந்த எருமை தலையை ஆட்டியது. இரண்டு தரம், நன்றாய் ஆட்டியது. சனம் கூக்குரல் போட்டது. நான் முடிந்தேன் என்று கண்ணை மூடிவிட்டேன்.

"இல்ல" என்றான் அலியார். "இது வேற எரும. ஆட்டின ஆட்டு சரியில்ல."

சனம் எப்படிச் சிரித்தது தெரியுமா? எருமை கொண்டுவந்தவனும் சிரித்து, கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டான். மாமி மட்டும் சிரிக்காமல், "பரவால்ல புள்ளையள், தேடுங்க, கிடைக்கும்" என்றார். அன்றைக்குப் பின்னேரம் தாம்போதியில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தபோது நானும் அவனும் ஒரு சத்தியம் செய்தோம். இந்த எருமை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியவேண்டும். பொண்டாட்டிமாருக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. இதுவரைக்கும் காப்பாற்றினேன். ஊரில் வயசானவர்கள் இப்போதும் சொல்வார்கள், "உங்கட வாப்பாட ஒரு எரும காணாமப் போச்சே, பாவம்" என்று. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொள்வேன்.

பிறகு எத்தனை மழை, எத்தனை வெள்ளாமை. எங்களுக்குக் கடையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிற வயசு வந்துவிட்டது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி நிற்கவில்லை. எங்கே சந்தித்தாலும் சலாத்துக்குப் பிறகு, "எருமயக் கண்டியா?" அதற்கு, "காணல்ல மச்சான். கண்ட ஆளக் கண்டன்." பிறகு எங்கே கண்டது, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு கதை சொல்ல வேண்டும், அது சட்டம். அவன் சவூதிக்கு டிரைவராய்ப் போனபோது, முக்குச் சந்திக் கடைக்கு எனக்கு கோல் எடுப்பான். காசு ஓடுகிற அந்த நேரத்துக்குள், "மச்சான், இங்க ஒட்டகக் கூட்டத்துக்குள்ள நிக்கிது, முதுகுல தலகாணி கட்டி ஒட்டகம் மாதிரி நடிக்கிது" என்பான். எனக்கு மூத்த பிள்ளை பிறந்து இறந்தபோது, உனக்கும் ராத்தாவுக்கும் முன்னால் வந்த அந்தப் பிள்ளை, வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அலியார் பக்கத்தில் வந்து குந்தி, "அதுவும் சின்னதில உம்மாவ இழந்ததுதானே மச்சான். புள்ளைய அது பாத்துக்கொள்ளும்" என்றான். வேறு யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் அப்போதுதான் அழுதேன்.

கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு நீ சின்னப் பிள்ளை. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு உள்பக்கம் ஓடி, ஒரு பள்ளிக்கூட வளவில் சனத்துக்குள் நின்றோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அலியாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போய் நின்றேன். பின்னால் இருந்து, சேறு வழிய, ஒரு சாறனோடு வந்தான். என்னைக் கண்டதும் அவன் கேட்டது, "எரும நீந்திரிச்சா?" நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அறைந்த கையாலேயே கட்டிப்பிடித்தேன். நீ தோளில் இருந்து, "எந்த எரும வாப்பா?" என்று கேட்டாய். திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதிலாக வைத்துக்கொள்.

அந்தக் கொரோனா காலத்தில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. கிட்டப் போக விடவில்லை. நான் என் படலையில், அவன் அவனுடைய படலையில், நடுவில் இரண்டு வேலி. வாயை மூடிக் கட்டியிருந்தார்கள், கதைத்தாலும் கேட்காது. ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் கிறுகிப் பார்த்தான். ஒரு விரலை நெற்றியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி வளைத்துக் காட்டினான். வளைந்த கொம்பு. நான் இரண்டு கையையும் விரித்து, காணவில்லை என்று காட்டினேன். கண்ட ஆளைக் கண்டேன் என்று கையால் எப்படிக் காட்டுவது? அது எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டு நிற்கிறபோதே வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜனாஸா ஊருக்கு வரவில்லை. கொரோனா மையத்துகளுக்கென்று ஒதுக்கிய ஓட்டமாவடியில் அடக்கினார்கள். அவனுடைய மூத்த மகனைத்தான் விட்டார்கள். நான் குளிப்பாட்டவில்லை, தூக்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. பள்ளியில் தொழுகிற ஸஃப் வரிசையில் என் வலது தோளுக்குப் பக்கத்தில் இப்போது யாராவது ஒரு பொடியன் வந்து நிற்கிறான், நல்ல பிள்ளைகள். சலாம் கொடுத்து முகத்தைத் திருப்புகிற நேரம், இன்னும் அந்தக் கேள்விக்குக் காது காத்திருக்கிறது. பள்ளியில் இருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கதை வருகிறது மகன். எருமை இப்போது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று. அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. அதனால்தான் "ம்ம்", "ஓம்", "சரி". எனக்குக் கதை இல்லாமல் போகவில்லை. கதையைத் தொடக்கிவிடுகிற கேள்விதான் இல்லாமல் போனது. நீ பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் வந்து என் முகத்தைப் பார்த்தாலும் அதை உன்னால் கேட்க ஏலாது.

அதனால் நீ போ. ஒலுவிலில் அந்தத் தெருவில் உன்னைப் போல வேறு ஊரில் இருந்து வந்து விழிக்கிற இன்னொரு மாப்பிள்ளை இருப்பான். உன் தொழிலை, படிப்பை, சம்பளத்தை அவனிடம் சொல்லாதே. நேற்று உன் வீட்டில் என்ன ஆணம் என்று கேள். மாமியார் வைக்கிற சோற்றை முழுக்கத் தின்றுவிடு, அவர் கதவுக்கு அங்கால் நிற்பார். உன் மாமனார் கட்டிய வீட்டுச் சுவரில் முதலாவது ஆணி அடிக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள், அது வெயிலில் உரிந்த அவருடைய தோல். மற்றதெல்லாம் உனக்கே வரும்.

இதோடு முடிப்பதாய்த்தான் இருந்தேன். உம்மா வருகிற சத்தம் கேட்டு ராத்தா தாளை மடித்து ஒளித்துவிட்டாள். இப்போது இது மறுநாள். இன்றைக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

எழுதியதைச் சரி பார்க்க வேண்டுமென்று, உம்மா தொழுது முடித்துத் தூங்குகிறாள் என்ற நினைப்பில், ராத்தா முன்னறையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். அலியார் பால் கறந்த இடம் வந்தது. "நல்லவேளை மாமி கவனிக்கவில்லை" என்று ராத்தா வாசிக்கிறாள், திரைச்சீலைக்கு அங்கால் இருந்து ஒரு குரல் வருகிறது.

"கடா எங்கயாவது பால் தருமா?"

உம்மா தொழுகைப் பாயிலேயே இருந்திருக்கிறாள்.

"எங்கட உம்மா அண்டைக்கே புடிச்சிட்டா" என்றாள், திரையை விலக்காமல். "குசினிக்குள்ள வந்து வாயப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நீங்க ரெண்டு பேரும் வரக்குள்ள சட்டையெல்லாம் வெங்காயமும் ரொட்டி மணமும். எங்களுக்கு மூக்கு இல்லையா?"

"அப்ப அந்த எரும கொண்டு வந்த மனிசன்?"

"உம்மாட பெரியம்மாட மகன். இறக்காமத்துக்கு ஆள் அனுப்பி, கொம்பு வளைஞ்சதாப் பாத்துக் கொண்டா எண்டு சொல்லித்தான் எடுப்பிச்ச. நானும் அலியார் காக்காட பொண்டாட்டியும் கதவுக்கு அங்கால நிண்டு, சிரிப்புச் சத்தம் வெளிய வராம முந்தானைய வாய்க்குள்ள வச்சிக்கொண்டு நிண்ட. அவரு சலாம் சொல்ல அது தலையாட்டிச்சே, நான் நிலத்துல குந்திட்டன்."

"ஏன் ஒருநாளும் சொல்லல்ல?"

"மாப்பிளமார் தேத்தண்ணிக்கு ஊர் விட்டு ஊர் போறாங்க எண்டு வெளிய வந்தா ஆருக்கு வெக்கம்? உம்மா சத்தியம் வாங்கிட்டா. மறுகா நீங்க ரெண்டு பேரும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறதப் பாத்தா, ஏன் கெடுப்பான் எண்டு விட்டம். நாங்களும் கிணத்தடியில சொல்லிச் சிரிக்கிற. உங்கட எரும வேற, எங்கட எரும வேற."

ராத்தா தாளை வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறாள். நான் என்ன செய்தேன் என்று சொல்லமாட்டேன். என் ஆயுள் முழுக்க இந்த வீட்டில் இரண்டு எருமைகள் இருந்திருக்கின்றன மகன், வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எனக்கு ஒன்றைத்தான் தெரியும். அலியார் இதைக் கேட்டிருந்தால்! "ஆட்டின ஆட்டு சரியில்லண்டு அப்பவே சொன்னனே" என்றிருப்பான்.

உன் வாடகை வீட்டுக் கதையை விட்டுவிடு. வெள்ளிக்கிழமை பெண்ணின் வாப்பாவுக்கு கோல் எடுத்து, மாமா, வீடு எப்படி முடிந்திருக்கிறது என்று மட்டும் கேள். என்னை யோசிக்காதே. ஏன் என்று இன்றைக்குப் பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன், அதோடு ராத்தாவின் கை ஓயட்டும்.

அஸர் தொழுதுவிட்டு, வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். படலையைத் திறந்தேன். உம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எருமயக் கண்டீங்களா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஆற்றுவதை நிறுத்தவில்லை. பதில் வருகிற வரைக்கும் நிறுத்தமாட்டாள் போல் இருந்தது.

"காணல்ல" என்றேன். "கண்ட ஆளக் கண்டன்."

"எந்தப் பக்கமாம்?"

"ஓட்டமாவடிப் பக்கம்."

தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். பிளேன்டீ. பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி.

"கலியாணம் முடியட்டும்" என்றாள். "மகன்ட்டச் சொல்லி வண்டி புடிச்சி, போய்ப் பாத்திட்டு வருவம்."